பொத்திய வாய்க்குள் கசியும் ரத்தம்

(திருவாதவூர் தெருப் படிப்பகத்தில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பல்லையும் ஈறையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம்ம தம்பிகள் சிரித்துவிட்டார்கள். "என்ன தோழர், பேங்க் வேலைய விட்டுட்டு பல் டாக்டர் ஆயிட்டீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். ஆகவில்லை தம்பி. நான் பி.காம். படித்தவன். அறிவியல் பாடம் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மூன்று வருசமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊருக்கு ஒரு பெருமை சொல்வார்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். வாயிலிருந்து வந்த வாசகமெல்லாம் மாணிக்கம் என்று அவருக்குப் பேர். கபிலர் பிறந்ததும் இங்கேதான் என்பார்கள். ஆக, சொல்லுக்குப் பேர்போன ஊர். இதே ஊரில்தான் எங்கள் அப்பத்தா வாயைத் திறக்காமலே வாழ்ந்து, வாயைத் திறக்க முடியாமலே செத்தாள். பெரியவீட்டு வாசலில் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் முந்தானையை ஏந்திக் கூலி வாங்குவாள். நான் சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசி எட்டு மாசம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே கிடந்தாள். முதலில் பொத்த வைத்தது சாதி. அப்புறம் பொத்த வைத்தது வாய்ப்புற்று. இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஒரு சரடைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா நடவுக்கும் களைக்கும் போனவள். பெரியாறு கால்வாயில் தண்ணி வந்தால் அவளுக்கு வேலை, வராவிட்டால் இல்லை. காலையில் கஞ்சி, ராத்திரிக்கு உலை. நடுவில் உள்ள பசிக்கு வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. "கூலியக் கொறைச்சாலும் வெத்தல பாக்கக் கொறைக்க மாட்டாகடா" என்று அவள் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அதன் அர்த்தம் ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. சோறு போட்டால் செலவு. வெத்தலை கொடுத்தால் பசி அடங்கும், குனிந்த இடுப்பு நிமிராது. சோழவந்தான் கொடிக்கால் வெத்தலையும் திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையும் நம்ம பெண்களின் சுருக்குப்பையில் வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது.

"எகிறுல ரத்தம் வருதுடா" என்று அப்பத்தா அடிக்கடி சொல்வாள். யாரும் காதில் வாங்கவில்லை. பல் வலித்தால் அந்த இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வாள். கொஞ்ச நேரம் மரத்துப்போகும். பல் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. வயசானால் பல் விழும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்போது அவளுக்கு ஐம்பது வயசுகூட ஆகவில்லை. அப்புறம் வலது கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. அது புண்ணாகி, ஆறாமல் போனபிறகு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாயைத் திறக்கச் சொன்னவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, "ஏம்மா, வாய இப்படி நாறவா வச்சிருப்ப? கழுவவே மாட்டீங்களா நீங்கல்லாம்?" என்றார்.

'நீங்கல்லாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள் தோழர்களே. கேட்டது ஒரு கிழவியை, சொன்னது ஒரு கூட்டத்தை. அப்பத்தா வாயை மூடினாள். ஆறு மாசத்துக்கு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியபோது தாடை எலும்புவரை போய்விட்டது.

அதனால் இன்று இந்தப் பேச்சைப் பேச எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஈறில் இருக்கும் கிருமிகள் வாய்ப்புற்றுக்குத் துணைபோகலாம் என்று கடந்த இருபது வருசமாக ஆராய்ச்சிகள் சொல்லிவருகின்றன. இதை நான் நம்ம தெருவில் வந்து சொன்னால் என்ன ஆகும்? 'பார்த்தியா, உங்க வாய் அசுத்தம், அதான் நோய்' என்று அந்த ஆள் சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னதாக ஆகிவிடாதா? பேஷ்வாக்களின் ஆட்சியில் புனாவில் நம் ஆட்கள் எச்சிலைத் தரையில் துப்பக்கூடாது என்று கழுத்தில் மண்சட்டி கட்டிவிட்டதை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். எச்சிலையே தீட்டு என்று சொல்லிப் பழகிய சமூகத்தில் 'வாய்ச் சுத்தம்' என்ற சொல் வெறும் மருத்துவச் சொல்லாக மட்டும் இருக்காது. இருந்தாலும் பேசவேண்டும் என்றே முடிவு செய்தேன். அவமானத்துக்குப் பயந்து நாம் பேசாமல் இருந்தால், சாகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

*

முதலில் ஈறு நோய் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

தின்று முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே பல்லின்மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்ட ஆரம்பிக்கும். நாக்கால் தடவினால் தெரியும். அது முழுக்கக் கிருமிதான். 1683இல் ஹாலந்தில் லேவன்ஹூக் என்று ஒருவர். ஜவுளி வியாபாரம் செய்தவர். டாக்டர் இல்லை, பட்டம் வாங்கியவரும் இல்லை. தன் பல் இடுக்கில் இருந்து மாவு மாதிரி இருந்ததைச் சுரண்டித் தானே தேய்த்துச் செய்த கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ளவை துள்ளி ஓடின. மனிதர்களின் வாயில் இதுவரை கண்டுபிடித்த கிருமி வகைகள் சுமார் 700. பூசாரி வாயிலும் உண்டு, பண்ணையார் வாயிலும் உண்டு, நம் வாயிலும் உண்டு. எச்சிலில் சாதி பார்த்தவர்களுக்கு அந்த ஜவுளிக்காரரின் கண்ணாடியே பதில்.

பெரும்பாலான கிருமிகள் சாதுவானவை. படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகி நடுவில் பை மாதிரிப் பள்ளம் விழும். பல்லைத் தாங்குகிற எலும்பு கரையும். பல் ஆடும், விழும். வலி அதிகம் இருக்காது என்பதால்தான் இந்த நோய் ஆளை ஏமாற்றுகிறது.

அந்தப் பள்ளத்துக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழ்கிற கிருமிகளுக்கு அது நல்ல குடியிருப்பு. அதில் இரண்டின் பெயரை மட்டும் சொல்கிறேன். ஒன்று போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். இது வளர இரும்புச்சத்து வேண்டும். அதை நம் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஈறில் ரத்தம் கசியக் கசிய அதற்குச் சாப்பாடு. இன்னொன்று ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம். ஊசி மாதிரி நீளமாக இருக்கும். மற்றக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குடியேறுவதற்குப் பாலம் போடுகிற வேலை இதனுடையது. பெயர்கள் வாயில் நுழையாது. ஆனால் அவை நம் வாயில் நுழைந்துவிட்டன, அதனால் தெரிந்துகொள்வோம்.

*

இனி வாய்ப்புற்றுக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகத்தில் ஒரு வருசத்தில் புதிதாக வாய்ப்புற்று வந்தவர்கள் சுமார் 3,77,000 பேர். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 1,35,000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில். அதே வருசம் இந்த நோயில் இங்கே செத்தவர்கள் சுமார் 75,000 பேர். சின்ன டவுன் ஒன்று ஒவ்வொரு வருசமும் காலியாகிறது.

இது புதுச் செய்தியும் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற நெய்யூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே இருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பென்ட்டல், தாம் பார்த்த 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908லேயே லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று என்றே தலைப்புப் போட்டு 1933இல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார். நூறு வருசத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. பாக்கையும் வெற்றிலையையும் புகையிலை இல்லாமல் மென்றால்கூடப் புற்று வரும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் உறுதியாக அறிவித்து அறிக்கையாக வெளியிட்டது 2004இல்.

இப்போது நான் சொல்லப்போகிற ஆராய்ச்சியைத்தான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். 1996 முதல் 1999 வரை பெங்களூர், சென்னை, திருவனந்தபுரம் மூன்று இடங்களிலும் நடந்தது. வாய்ப்புற்று வந்த 591 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பத்திரி வந்த வேறு 582 பேர். இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி பெண்கள். எல்லாரிடமும் என்ன மெல்லுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள், என்ன வேலை, எவ்வளவு படிப்பு, பல் எத்தனை விழுந்தது, ஈறில் ரத்தம் வருமா என்று கேட்டார்கள். 2002இல் முடிவுகள் வெளிவந்தன.

வெற்றிலை போடுகிற ஆண்களுக்குப் போடாதவர்களைவிட ஆபத்து 5 மடங்கு. பெண்களுக்கு 42 மடங்கு. தப்பாகக் கேட்கவில்லை, நாற்பத்திரண்டு. புகையிலை சேர்க்காமல் போடுகிற பெண்களுக்கே 16 மடங்கு. ஒரு நாளைக்கு 20 பீடிக்கு மேல் குடிக்கிற ஆணுக்கு இரண்டரை மடங்கு. இதோடு சேர்த்து இன்னொன்றையும் கண்டார்கள். பல் அதிகம் விழுந்தவர்களுக்கும் ஈறில் ரத்தம் வருகிறவர்களுக்கும் ஆபத்து தனியாகக் கூடியிருந்தது. பெண்களுக்கு வந்த வாய்ப்புற்றில் நூற்றுக்கு 95 பங்கை, மெல்லுகிற பழக்கமும் வாய்ப் பராமரிப்பு இல்லாததும் சேர்ந்தே விளக்கிவிடுகின்றன என்று எழுதினார்கள். அதே கட்டுரையில் இன்னொரு வரியும் உண்டு: படிப்புக் குறைந்தவர்களுக்கும், விவசாய வேலை, உடலுழைப்பு வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

இந்த வரியைப் படித்தபோது நான் பேங்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன். படிக்காதவள், வயல்வேலை செய்தவள், வெற்றிலை போட்டவள், பல் விழுந்தவள், ஈறில் ரத்தம் வந்தவள். எங்கள் அப்பத்தாவின் போட்டோவை யாரோ அட்டவணையாகப் போட்டிருந்தார்கள்.

*

கிருமி எப்படிப் புற்றுக்குத் துணைபோகும்? இந்தக் கேள்வியைச் சந்தேகத்தோடு கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்று உலகமே நம்பியது. 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு பேர் வயிற்றில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அதே கிருமி இரைப்பைப் புற்றுக்குக் காரணம் என்று 1994இல் அறிவித்தார்கள். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஆக, கிருமி புற்றுக்குக் காரணமாக முடியும் என்பது நிரூபணமான விஷயம். வாய்க் கிருமியும் அப்படிச் செய்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

இதற்கு மூன்று நான்கு வழிகளைச் சொல்கிறார்கள். முதலாவது, ஆறாத அழற்சி. ஈறில் கிருமி இருக்கும்வரை உடம்பு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். பத்து வருசம், இருபது வருசம் ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் வெளியாகிற ரசாயனங்கள் நம் சொந்தச் செல்களின் மரபணுவையே காயப்படுத்தும். புண்ணை ஆற்றுவதற்காக 'வளரு, பெருகு' என்று செல்களுக்கு ஓயாமல் கட்டளை போய்க்கொண்டிருக்கும். காயப்பட்ட செல் பெருகினால் அதுதான் புற்றுக்கு முதல் படி.

இரண்டாவது, கெட்டுப்போன செல் தானாகச் செத்துவிடும்படி உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. ஜிஞ்சிவாலிஸ் கிருமி ஈறின் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருந்துகொண்டு, அந்தச் செல்லைச் சாகவிடாமல் தடுப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். தான் குடியிருக்கிற வீடு இடியக்கூடாது என்பது அதன் கவலை. அந்த வீடு புகையிலையால் ஏற்கெனவே கெட்டுப்போன செல்லாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மூன்றாவது, ஊசிக் கிருமி. அதன் உடம்பில் உள்ள ஒரு புரதம் நம் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கிற கொக்கியில் போய் மாட்டிக்கொள்கிறது; அதனால் செல்லுக்குள் பெருகச் சொல்லும் சமிக்ஞை கிளம்புகிறது. இன்னொரு புரதம் நோய் எதிர்ப்புச் செல்களின் கையைக் கட்டிவிடுகிறது. இவை பெரும்பாலும் பெருங்குடல் புற்றில் கண்டவை. வாயில் வாழ்கிற இந்தக் கிருமி பெருங்குடல் புற்றுக்கட்டிக்குள் இருப்பதை 2012இல் இரண்டு தனித்தனிக் குழுக்கள் கண்டுபிடித்தபோது ஆராய்ச்சி உலகமே திரும்பிப் பார்த்தது.

நான்காவது, சாராயம். குடிக்கிற சாராயத்தை வாயில் உள்ள சில கிருமிகள் வாயிலேயே அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகின்றன. அது மரபணுவைக் கெடுக்கும். அதனால் குடியும் கெட்ட ஈறும் சேர்ந்த வாய் இரட்டை அடி வாங்குகிறது.

2015இல் ஜெருசலேமில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எலிகளுக்குப் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு அதோடு நான் சொன்ன இரண்டு கிருமிகளையும் வாயில் ஏற்றினார்கள். கிருமி ஏற்றிய எலிகளின் நாக்கில் வந்த கட்டி பெரிதாகவும் ஆழமாகவும் இருந்தது. தீயை மூட்டியது ரசாயனம். ஊதி வளர்த்தது கிருமி.

இங்கே நாம் நேர்மையாக நிற்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது தோழர்களே. எலி மனிதன் ஆகாது. மனிதர்களிடம் இது இன்னும் 'துணைபோகலாம்' என்ற அளவில்தான் இருக்கிறது. புகையிலை ஈறையும் கெடுக்கும், புற்றையும் தரும். அதனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது புகையிலையின் வேலையாகவும் இருக்கலாம். புற்றுக்கட்டி வந்தபின், காற்றில்லாத அந்தப் புண்ணில் கிருமிகள் பிற்பாடு வந்து குடியேறியிருக்கவும் கூடும். ஈறு நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை. அதனால் ஈறில் ரத்தம் வந்தால் பயந்து சாகாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் போய் நீங்களாகக் கிருமி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். பல் துலக்குகிறேன், அதனால் புகையிலை போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் எதிரி பாக்கும் புகையிலையும் சாராயமும். கிருமி அதற்குக் கையாள்.

*

என் கவுண்டருக்கு முன்னால் தினமும் வாய்கள் வருகின்றன. முதியோர் பென்சன் வாங்க வருகிற அம்மாக்கள் கை ரேகை வைத்துவிட்டுக் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார்கள். "சத்தமா சொல்லுங்கம்மா" என்றால் இன்னும் குனிவார்கள். போன வருசம் கல்குவாரியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி வந்தான். இருபத்தெட்டு வயசு. பேச்சு குழறியது. வாயைத் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல் நுழையவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பாக்கெட் பாக்கு. கன்னத்தின் உள்தசை நார் மாதிரி இறுகிப்போயிருந்தது. இதுவும் புற்றாக மாறக்கூடிய நோய்தான். குட்காவை 2013லேயே தமிழ்நாட்டில் தடை செய்தாயிற்று. தடை பேப்பரில் இருந்தது, பாக்கெட் அவன் சட்டைப்பையில் இருந்தது.

இன்னொரு மதினி கம்மலையும் செயினையும் வைத்து நகைக்கடன் கேட்டு வந்தாள். புருசனுக்குத் தாடையில் ஆபரேசன். "காப்பீட்டு அட்டை இருக்கே மதினி" என்றேன். "ஆபரேசனுக்கு அட்ட இருக்கு தம்பி. பஸ்ஸுக்கு? கூடமாட இருக்குற எனக்குக் கூலி போகுதே, அதுக்கு?" என்றாள். நகையை எடை போட்டு எழுதினேன். ஈறில் ரத்தம் வந்த அன்றைக்கு யாராவது அந்த வாயைப் பார்த்திருந்தால் இந்தக் கடன் சீட்டு எழுதப்பட்டிருக்காது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் 'நீங்கல்லாம் கழுவ மாட்டீங்களா' என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. வாய்க்குத் தண்ணி வேண்டும். துலக்க பிரஷ் வேண்டும், அதை மூன்று மாசத்துக்கு ஒருமுறை மாற்றக் காசு வேண்டும். காரையைச் சுரண்டி எடுக்கப் பல் மருத்துவர் வேண்டும். அவரிடம் போக ஒரு நாள் கூலியை விடவேண்டும். போனால் பின்னால் தள்ளி நிற்காத மனுசர் வேண்டும். இத்தனையையும் மறுத்துவிட்டு வாய் நாறுகிறது என்று சொல்வது, கழுத்தில் சட்டியைக் கட்டிவிட்டு எச்சில் சட்டி என்று ஏசுவதற்குச் சமம். நோயின் பழியை நோயாளியின் தலையில் வைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதான். கிருமி எல்லார் வாயிலும் இருக்கிறது. அது யார் வாயில் இருபது வருசம் கேட்பாரில்லாமல் குடியிருக்க முடிகிறது என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது.

அதற்காக, சமூகம் மாறட்டும், அதுவரை நான் ஹான்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்றால் நான் ஒப்பமாட்டேன். நம் இளைஞர்கள் போராட்டத்துக்குப் போகிற வேனிலேயே பாக்கெட்டைப் பிரிக்கிறதைப் பார்க்கிறேன். பண்ணையார் கொடுத்த வெற்றிலைக்கும் கம்பெனி விற்கிற பாக்கெட்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் நம் பசியையும் களைப்பையும் மரத்துப்போக வைக்கத்தான்.

*

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. பக்கத்துக் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் வெறும் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் அனுப்பினார்கள். பார்த்த பகுதி, பார்க்காத பகுதி என்று பிரித்துச் சுமார் 1,90,000 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். புகையிலை, சாராயப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் அறிவித்தார்கள். பெரிய மிஷின் எதுவும் இல்லை. அந்தப் பணியாளர்கள் டாக்டர்களும் இல்லை. கண்ணும் வெளிச்சமும், எதிரே இருக்கிற ஆளின் வாயை அருவருப்பில்லாமல் பார்க்கிற மனசும்தான்.

முப்பது வயசு தாண்டிய எல்லாருக்கும் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை வாயைப் பரிசோதிக்கவேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2016இல் வந்துவிட்டது. ஆனால் 2019 - 21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வாய்ப்புற்றுக்காக ஒருமுறையாவது வாயைக் காட்டியவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஒருவர் கணக்கில்தான் இருந்தார்கள். மாணவத் தோழர்கள் இங்கே வேலையைத் தொடங்கலாம். நம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் இருக்கிறாரா, எந்தக் கிழமை உட்காருகிறார், காரை எடுக்கும் கருவி வேலை செய்கிறதா, நம் தெருவில் எத்தனை பேர் வாயைப் பார்த்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் நாம் எல்லாருமாகப் போய்க் கேட்போம்.

வீட்டில் செய்யவேண்டியது இன்னும் சின்னது. அம்மாவை, அப்பத்தாவை, அய்யாவை வாசலில் வெயிலில் உட்கார வையுங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில், ஈறு, உதடு பாருங்கள். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாமல் ஆடுகிற பல், மூன்று விரல் நுழையாத வாய். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும். ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மெதுவாகத் துலக்குங்கள், செங்கல்தூள் வேண்டாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலிக்குப் புகையிலை அடக்காதீர்கள். பலபேருக்கு அந்தப் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர்கள் உடனே வாயைத் திறக்கமாட்டார்கள். "போடா, நாறும்" என்பார்கள். அந்த வெட்கம் அவர்களுடையது இல்லை, ஊர் போட்டது. காத்திருங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். அப்பத்தாவை நான் ஒருநாள்கூட அப்படிக் கேட்கவில்லை. அவள் பிணத்துக்கு வாய்க்கட்டுக் கட்டும்போதுதான் அந்த வாயை முழுசாகப் பார்த்தேன்.

ஒரு டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் என் வாயைப் பாருங்கள். எனக்கும் கீழ்ப்பல் ஈறில் ரத்தம் வருகிறது, நாளைக்குக் காட்டப்போகிறேன். அப்புறம் வரிசையாக வாருங்கள். நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவேண்டும் என்று தலைவர் சைகை காட்டுகிறார். கேள்விகளை வாயைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம்.